75 மில்லிமீட்டர் குழாயில் ஒரு குர்சுரா

வாசகர் கேள்வி, 28 மே 2023

அண்ணாச்சி, ரேடியோவில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி ஒன்று செய்ய ஆசை. என்னிடம் இறக்கை உடைந்த டிரோன் இருக்கிறது. அதன் ரிமோட், மோட்டார், பேட்டரி எல்லாம் நன்றாகவே உள்ளன. பிவிசி குழாய்க்குள் அவற்றை அடைத்து இரு பக்கமும் மூடி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறேன். நீங்கள் பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர் ஆயிற்றே, தண்ணீர் புகாமல் ஒட்டும் வழியை மட்டும் சொல்லுங்கள்.

28 மே 2023, இரவு

ஒட்டுவது கடைசி வேலை தம்பி. முதல் வேலைக்குத் தராசு வேண்டும்.

75 மில்லிமீட்டர் குழாயை 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி இரு முனையும் அடைத்தால், அது ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரை விலக்கும். அப்படியென்றால் குழாய், பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்ந்து 4 கிலோ இருந்தால்தான் முங்கும். உங்கள் டிரோன் சாமான்கள் மொத்தமும் கால் கிலோ தேறுமா? குழாயின் எடையைச் சேர்த்தாலும் பாதிக் கிணறுகூடத் தாண்டாது. வாய்க்காலில் மிதந்து வரும் பனந்தடிபோல் மேலேயே கிடக்கும். மோட்டார் ஓடும், தண்ணீர் தெறிக்கும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். முங்காது.

மிதப்பதற்கும் மூழ்கிப் போவதற்கும் நடுவே நூல் இழை அளவு இடம் இருக்கிறது. அந்த இழையின் மேல் நிற்கப் பழகுவதுதான் இந்தப் பொழுதுபோக்கு.

29 மே 2023

எந்தக் கப்பல் என்று நீங்கள் சொல்லவில்லை. உலகம் முழுக்க நிறையப் பேர் ஜெர்மனியின் ஏழாம் வகை யு-போட்டை, அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கியைத்தான் செய்கிறார்கள். காரணம், ரெவெல் நிறுவனத்தின் 1/72 கிட் கடையில் கிடைக்கிறது. 67 மீட்டர் கப்பல் 93 சென்டிமீட்டராகச் சுருங்கி மேசை மேல் கம்பீரமாக உட்காரும். அலமாரிக்கென்று செய்த கிட் அது. வயிற்றைக் கிழித்து மோட்டார் வைத்து ஓட விடுபவர்களும் உண்டு. இங்கே அதை வரவழைக்க ஆகும் செலவில் நான் இரண்டு ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்குக் கம்பி சுற்றிவிடுவேன்.

என் யோசனை, ஐஎன்எஸ் குர்சுரா. சோவியத் நாட்டில் கட்டி 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்த்தது. 31 ஆண்டு உழைத்து 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்று, 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்யக்கூடிய கப்பல் நமக்கு வேறு எது?

இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்தபோது நேற்று இரவு எனக்குத் தூக்கமே போய்விட்டது. குர்சுராவின் நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். 1/100 அளவில் செய்தால் அகலம் 75 மில்லிமீட்டர். எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற 75 மில்லிமீட்டர் குழாய்! ரஷ்யாக்காரன் நம் கழிவுநீர்க் குழாயை அளந்துவிட்டுத்தான் கப்பலைக் கட்டியிருக்கிறான்.

எடைக் கணக்கு அதைவிட அழகு. நீளம் நூறில் ஒன்றானால் கன அளவு பத்து லட்சத்தில் ஒன்றாகும். ஒரு டன்னுக்குப் பத்து லட்சம் கிராம். ஆக, நிஜக் கப்பலின் ஒவ்வொரு டன்னும் நம் தராசில் ஒரு கிராம். குர்சுரா மேலே மிதக்கும்போது 1,952 டன், முங்கியபோது 2,475 டன். நமக்கு 1,952 கிராம், 2,475 கிராம். வித்தியாசம் 523 மில்லி தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரை உள்ளே இழுத்தால் முங்க வேண்டும், வெளியே தள்ளினால் எழ வேண்டும். கால்குலேட்டரே தேவைப்படாத கப்பல்.

30 மே 2023

ரிமோட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். டிரோன் ரிமோட் உதவாது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசைதான். தண்ணீர் அந்த அலையை விழுங்கிச் சூடாகும், கடந்து போக விடாது. கை மணிக்கட்டு நனையும் ஆழத்திலேயே உங்கள் கப்பல் செவிடாகிவிடும்.

பழைய 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் செட் தேடுங்கள். 27 பட்டையில் குறைந்த திறனுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. நல்ல தண்ணீரில் சில மீட்டர் ஆழம் வரை கேட்கும். நான் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் கிறிஸ்டல் போட்ட 27 மெகாஹெர்ட்ஸ் செட் வாங்கினேன். ஆன்டெனாவை இழுத்து நீட்டினால் தூண்டில் கம்பு தோற்கும்.

4 ஜூன் 2023

குழாய்க்குள் குழாய் என்ற யோசனைக்கு வந்தாயிற்று. வெளிக் குழாய் வெறும் சட்டை. அடியிலும் மேலேயும் துளை போட்டுத் தண்ணீர் தாராளமாகப் போய்வர விட வேண்டும். அதற்குள் 63 மில்லிமீட்டர் குழாய் சிக்கென்று நுழைகிறது. பேட்டரி, சர்வோ (சுக்கானை அசைக்கும் சின்ன மோட்டார்), ரிசீவர் எல்லாம் அதில். 40 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஒன்றேகால் லிட்டர்தான் விலக்கும். முங்குவதற்கு எடையாக வைக்கிற ஈயமும் கொஞ்சமாகப் போதும்.

ஈயம் எங்கே கிடைக்கும் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். உவரியில் வலை கட்டும் கடையில் ஈயக் குண்டு எடை போட்டுத் தருவார்கள். துளையோடு இருக்கும், கம்பியில் கோத்து அடிப்பக்கம் நகர்த்தி நகர்த்திச் சமன் பார்க்கலாம். ஈயம் அடியில், மிதவை மேலே. மாற்றி வைத்தால் கப்பல் கவிழ்ந்து தலைகீழாகத்தான் ஓடும். எனக்கு ஓடியது.

11 ஜூன் 2023

ஒருவர் கேட்கிறார்: "கல்வாரி என்று கடற்படை ஏன் பெயர் வைத்தது, சிலுவையில் அறைந்த மலை அல்லவா அது?" திருநெல்வேலிக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். 1967 டிசம்பர் 8 அன்று சேர்ந்த நம் முதல் நீர்மூழ்கியின் பெயர் அது. குர்சுரா அதன் தங்கை. மலையாளத்தில் புலிச்சுறாவுக்குக் கல்வாரி என்று பெயராம். பெரிய வெள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாமல்லபுரத்திலும் ஒன்றை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். வாக்லி, அதே குடும்பம், 2010இல் ஓய்வு பெற்றது. பேச்சாகவே முடிந்துபோனது. இல்லையென்றால் நான் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்திருப்பேன்.

24 ஜூன் 2023

டைட்டானிக் சிதைவைப் பார்க்க டைட்டன் நீர்மூழ்கியில் போய், அது நசுங்கி இறந்தவர்களைப் பற்றி இந்த வாரம் எல்லோரும் என்னிடமே கேட்கிறீர்கள். கடையில் டீ குடிக்க வந்தவர்கூட, "நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்?" என்றார். 3,800 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஏறத்தாழ 380 கிலோ உட்காரும். நான் சோதிக்கிற தொட்டியில் ஆழம் நாலு அடி. அங்கே அது 120 கிராம். என் குழாய்க்கு நசுங்கும் கவலை இல்லை, ஒழுகும் கவலை மட்டும்தான். ஐந்து பேர் போயிருக்கிறார்கள், அதை வைத்து வேடிக்கை பேச எனக்கு மனமில்லை.

25 ஜூன் 2023

ஒழுகலுக்கு வருகிறேன். குழாய் ஒழுகாது, ஒட்டிய இடமும் அவ்வளவாக ஒழுகாது. சுழலுகிற தண்டு வெளியே வருகிற இடம்தான் ஒழுகும். பம்பு வேலையில் இருபத்தைந்து வருடமாக நான் மாரடிப்பது இந்த ஒரு இடத்தோடுதான். பித்தளைக் குழாய்க்குள் தண்டு, இடைவெளியில் கெட்டியாகக் கிரீஸ், முனையில் ஓ-ரிங். ரிங்கை இறுக்கினால் மோட்டார் சூடாகும், தளர்த்தினால் தண்ணீர் வரும். நடுவில் இருக்கிற அளவு விரலுக்குத்தான் தெரியும், எழுதிக் காட்ட வராது.

சுக்கான் தண்டுக்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு: சைக்கிள் கம்பி, அதாவது ஸ்போக்ஸ், அதன்மேல் சைக்கிள் வால்வு டியூப். டியூபின் ஒரு முனையை மூடியில் பதித்த பித்தளை மூக்கின் மேலும் மறு முனையைக் கம்பியின் மேலும் இழுத்து மாட்டினால், கம்பி அரை அங்குலம் முன்னும் பின்னும் போகும்போது ரப்பர் நீண்டு சுருங்கும். உரசல் கிடையாது, ஒழுகல் கிடையாது. ஒரு அடி டியூப் வாங்கினால் ஆயுசுக்கும் போதும். முதலில் பலூன் கழுத்தை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரம் அப்பளம்போல் நொறுங்கியது.

9 ஜூலை 2023

ஜூன் 25 அன்று நான் எழுதியதில் முதல் பத்தியை அடித்துவிடுங்கள். இருபத்தைந்து வருடம் என்று மார்தட்டியவன் எழுதுகிறேன்.

நேற்று கடைக்கு ஒரு போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார் வந்தது. திறந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஆமாம், அந்த வகை மோட்டாருக்குள் தண்ணீரை நாமே நிரப்பித்தான் இறக்குகிறோம். கம்பிச் சுற்றே தண்ணீருக்குள்தான் கிடக்கும். கொட்டின பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிரோன் மோட்டாரிலும் பிரஷ், அதாவது சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, கிடையாது, சுற்று முழுக்க எனாமல் கம்பி. அதை ஏன் உள்ளே பூட்டி வைத்துவிட்டுத் தண்டை வெளியே விட வேண்டும்? மோட்டாரையே வெளியே, தண்ணீரில் விட்டுவிட்டால் சுழலும் தண்டுக்கு சீலே வேண்டாமே.

சாயங்காலம் பக்கெட்டில் போட்டு ஓட்டினேன். மணிக்கணக்கில் ஓடியது. பேரிங் துருப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் காய வைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், அவ்வளவுதான். மூன்று வயர் மட்டும் மூடி வழியாக அரால்டைட்டில் வெளியே வருகிறது. ஆக, தம்பியின் டிரோனில் மோட்டார் உதவும், ரிமோட் உதவாது.

ஒரு எச்சரிக்கை: டிரோன் மோட்டார் வெறி பிடித்தது. முழு வேகத்தில் விட்டால் கப்பல் டார்ப்பிடோ ஆகிவிடுகிறது. மாதிரிக்குப் பொருத்தமான வேகத்துக்கு அளவின் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நூறுக்குப் பத்து, அதாவது நிஜ வேகத்தில் பத்தில் ஒன்று. குர்சுரா நீருக்கடியில் மணிக்கு 15 கடல்மைல், வினாடிக்கு ஏறக்குறைய 7.7 மீட்டர். நமக்கு வினாடிக்கு முக்கால் மீட்டர். சாப்பிட்டுவிட்டு நடக்கிற நடை.

10 ஜூலை 2023

உப்புத் தண்ணீரில் இந்த மோட்டார் வித்தை வேண்டாம். அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

16 ஜூலை 2023

எலக்ட்ரானிக்ஸ் நனைந்துவிட்டது. மூடி நன்றாக இருக்கிறது, அரால்டைட் கல்லாக இருக்கிறது, வால்வு டியூப் புதிது. உள்ளே அரைக் கரண்டி தண்ணீர்.

இரண்டு நாள் தேடினேன். தண்ணீர் வயரின் வழியாகவே வந்திருக்கிறது! பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய செம்புக் கம்பிகள் கொத்தாக இருக்கின்றன அல்லவா, அவற்றின் இடைவெளியில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி, அரால்டைட்டை உள்ளே இருந்தபடியே கடந்து வந்துவிட்டது. போர்வெல் கேபிள் ஜாயின்ட் போடும்போது இதற்காகத்தான் உறையை உரித்து ஈயப்பற்று வைத்து அடைக்கிறோம். வாடிக்கையாளருக்குச் செய்வதைச் சொந்த வேலைக்குச் செய்யவில்லை. மூடிக்குள் வரும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் உறையை உரியுங்கள், கம்பிக் கொத்தில் ஈயப்பற்றை முழுக்க ஊற விடுங்கள், அந்த இடம் அரால்டைட்டுக்குள் புதையட்டும். ரிசீவரை அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன், வீட்டில் கேட்டால் மழை என்று சொல்லிக்கொள்ளலாம்.

20 ஆகஸ்ட் 2023

இன்றைய திருத்தம் பெரியது. மே 29 கணக்கைப் படித்துவிட்டு 523 மில்லிக்குத் தொட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்துங்கள்.

நிஜக் கப்பலில் அந்த 523 டன்னும் மூடிய தொட்டிகளுக்குள் புகும் தண்ணீர். நம் வெளிச் சட்டையில் துளை இருக்கிறது. கப்பல் மேலே எழும்போது சட்டைக்குள் இருக்கிற தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது, அதைத் தூக்க வேண்டியதில்லை. நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிற கெட்டிப் பொருளின் கன அளவை மட்டும் தூக்கினால் போதும். சட்டையின் மேல் பகுதி, தளம், கோபுரம், அவ்வளவே.

ஆனால் நான் 63 குழாயை நுழைத்து வைத்திருக்கிறேன். அதன் முதுகும் நீர்மட்டத்துக்கு மேலே வருகிறது, 300 மில்லிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. அதை எடுத்துவிட்டு 50 மில்லிமீட்டர் குழாயை அடியோடு அடியாகப் படுக்க வைத்தால், அதன் முதுகு நீர்மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. என் கணக்கில் மொத்தத் தேவை 180 மில்லியாக இறங்கியது. சிக்கென்று நுழைகிறது என்று ஜூன் 4 அன்று பூரித்தேனே, அந்தப் பூரிப்பின் விலை ஒரு முழுக் குழாய்.

27 ஆகஸ்ட் 2023

180 மில்லி என்றாலும் இடம் எங்கே? 60 மில்லி ஊசி, மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சு, 50 குழாய்க்குள் ஒன்றுதான் போகும். பிஸ்டனின் தண்டை அறுத்துவிட்டு நட்டைப் பதித்து, திருகுக் கம்பியைக் கியர் மோட்டாரால் சுழற்றினால் பிஸ்டன் போய்வருகிறது. இரு முனையிலும் லிமிட் ஸ்விட்ச். வைக்காமல் விட்டால் மோட்டார் பிஸ்டனைக் கழற்றித் தண்ணீரை நேரே பேட்டரி மேல் ஊற்றும். ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், சாதாக் கிரீஸில் ஊதிப் பெருத்து இறுகிவிடும்.

மூன்று சிரிஞ்சு வரிசையாக வைத்தால் கப்பல் முழுக்க சிரிஞ்சாகிவிடும். எனவே ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். 60 மில்லியில் கோபுரமும் தளத்தின் முதுகும் மட்டும் வெளியே தெரியும், நிஜக் குர்சுராபோல் உயர்ந்து மிதக்காது. படம் போட்டால் "நீர்மட்டம் தவறு" என்று எழுதப் போகும் நண்பருக்கு முன்கூட்டியே: ஆமாம், தவறு.

3 செப்டம்பர் 2023

போய்விட்டது. ராதாபுரம் பக்கம் மச்சினன் தோட்டக் கிணற்றில்.

தொட்டியில் பத்து முறை சரியாக முங்கி எழுந்ததால் துணிச்சல் வந்தது. கிணற்றில் இருபது அடித் தண்ணீர். மேலே ஒரு வட்டம் வந்தது, சிரிஞ்சை நிரப்பினேன், அழகாக இறங்கியது. முழங்கை ஆழத்தில் சுக்கான் திக்கிற்று, இன்னும் கொஞ்சம் இறங்கியதும் எந்தப் பேச்சும் கேட்கவில்லை. கறுப்புப் பெயின்ட், பச்சைத் தண்ணீர். இரண்டு குமிழி வந்தது.

3 செப்டம்பர் 2023, இரவு

கிடைத்துவிட்டது. பெரியம்மா வீட்டில் பாதாளக் கரண்டி இருந்தது. வாளி விழுந்தால் எடுப்பார்களே, கொக்கிக் கொத்து, அதுதான். எந்த வீட்டிலும் இப்போது கிடையாது, அவள் மட்டும் பரணில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறாள். "எதுடா விழுந்தது?" என்றாள். கப்பல் என்றேன். பதில் பேசாமல் எடுத்துத் தந்தாள். ஒன்றரை மணி நேரம் துழாவினோம். முதலில் ஒரு செம்பு வந்தது, மச்சினன் தாத்தா காலத்தது. அப்புறம் குர்சுரா, கோபுரத்தில் கொக்கி மாட்டியபடி.

7 செப்டம்பர் 2023

காரணங்களை எழுதுகிறேன்.

முதலாவது, அந்தக் கிணறு உவர்த் தண்ணீர். உப்பு கலந்தால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கடத்தினால் ரேடியோ அலை செத்துப்போகும். தொட்டியில் நிரப்பியது குடிதண்ணீர். அதே 27 மெகாஹெர்ட்ஸ் கடல்நீரில் ஒரு சாண்கூடப் போகாது.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. விஜயநாராயணம் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற கடற்படை ரேடியோ நிலையம் அது, 1990 முதல் இயங்குகிறது. 471 மீட்டர் கம்பங்கள். இரவில் சிவப்பு விளக்குகள் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று பஸ்ஸில் பையைத் தேடுவோம். கடலுக்கடியில் இருக்கிற நீர்மூழ்கிக்குச் செய்தி சொல்லத்தான் அவ்வளவு உயரமும். அலைவரிசை 18.2 கிலோஹெர்ட்ஸ், ஓர் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு நீண்ட அலைதான் உப்புத் தண்ணீருக்குள் சில மீட்டராவது இறங்கும். அதிலும் கப்பல் கேட்கத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. தினமும் அந்தக் கம்பங்களைத் தாண்டிக் கடைக்குப் போகிறவன் உவர்க் கிணற்றில் 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மையை விட்டிருக்கிறேன்.

இரண்டாவது, தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று கப்பலுக்கு நான் சொல்லி வைக்கவில்லை. பழைய ரிசீவர், அதற்குத் தானாகத் தெரியாது. சிக்னல் இரண்டு வினாடி நின்றால் சிரிஞ்சு தண்ணீரை வெளியே தள்ளும்படி சின்ன சர்க்யூட் போட்டாயிற்று.

மூன்றாவதைத் தராசு சொன்னது. கப்பலில் மிதவைக்காக டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலை வைத்திருந்தேன். அடியில் இரவு வரை கிடந்ததில் நசுங்கி மெலிந்திருக்கிறது. விரலால் தொட்டாலே தெரிகிறது, ஓரங்கள் சப்பையாக. ஆழம் போகப் போக மிதவை சுருங்கும், சுருங்கச் சுருங்கக் கப்பல் இன்னும் வேகமாக இறங்கும். இப்போது ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகள், கண்ணாடி, மூடியை மெழுகில் அடைத்து வரிசையாக. இருபது அடிக்கெல்லாம் சுருங்காது.

15 அக்டோபர் 2023

விசாகப்பட்டினம் போய்வந்தேன். மேலே எழுதியவற்றை இருந்த இடத்திலிருந்தே எழுதியது வெட்கமாக இருந்தது.

உள்ளே எல்லோரும் டார்ப்பிடோக் குழாய்களைப் படமெடுத்தார்கள், முன்னால் ஆறு, பின்னால் நாலு. நான் வால்வுச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கை வைத்துக் கை வைத்து வழவழப்பான சக்கரங்கள். ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் நடுவே வட்டக் கதவு, குனிந்து காலை முதலில் விட்டுப் போக வேண்டும். எனக்கு முன்னால் போன ஒருவர் தொப்பையோடு மாட்டிக்கொண்டு, வெளியே வரும்வரை பேசவே இல்லை.

வெளியே வந்து வால் பக்கம் அரை மணி நேரம் நின்றேன். குர்சுராவுக்கு மூன்று சுழலிகள், அதாவது புரொப்பெல்லர்கள். நான் ஒன்றுதான் வைத்திருந்தேன். நடுவில் உள்ளதை மோட்டாரில் மாட்டி, பக்கத்து இரண்டையும் சும்மா சுழல விடப் போகிறேன். இன்னொன்று, உடல் என் குழாய்போல் நேராக இல்லை. மூக்கும் வாலும் நீண்ட தூரத்துக்குச் சரிந்து ஒடுங்குகின்றன. குழாய் முனையை V வடிவில் கிழித்து, சூடு காட்டி, இதழ்களை உள்ளே மடக்கினால் அந்த ஒடுக்கம் வருகிறது. முதலில் மூக்கைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியிருந்தேன். பார்க்க நன்றாக இருந்தது, ஒரு இரவு தண்ணீரில் கிடந்தால் உறிஞ்சி எடை கூடி, காலையில் மூக்கை நட்டுக்கொண்டு நின்றது.

29 அக்டோபர் 2023

"காலையில் சமன் செய்தேன், மதியம் முங்கிவிட்டது, எங்கோ ஒழுகுகிறது" என்று எழுதியவருக்கு: பிரித்துப் பார்க்க வேண்டாம். தண்ணீரின் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 32க்குப் போனால் அடர்த்தி ஆயிரத்தில் இரண்டு பங்கு குறையும். ஒன்றரை லிட்டர் விலக்கும் கப்பலுக்கு அது 3 கிராம். சமன் செய்த கப்பலில் 3 கிராம் என்பது ஒரு கிணறு. நான் கோபுரத்துக்குள் சின்னக் குண்டுகள் நாலைந்து போட்டு வைத்திருக்கிறேன், வெயில் ஏறினால் ஒன்றை எடுத்துவிடுவேன்.

24 டிசம்பர் 2023

ஒரு வாரமாக எழுத முடியவில்லை, காரணம் தெரியும். 17, 18 தேதி மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். கடைக்குள் இடுப்பளவு நின்றது. சுற்றிவைத்த மோட்டார் பதினொன்று போயிற்று. கப்பல் அலமாரி மேலே இருந்ததால் தப்பித்தது. நீர்மூழ்கியை வெள்ளத்திலிருந்து காப்பாற்றினேன் என்று சொன்னதற்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சேறு வாருகிற வேலை முடியட்டும்.

21 ஜனவரி 2024

மச்சினன் கிணறு விளிம்பு தொட நிற்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு தெரியவில்லை. அந்த மழை மொத்தமும் மேலே நிற்கிறது.

கோபுரத்தில் மஞ்சள் பட்டை அடித்தாயிற்று. வாலில் நைலான் நூலும் அதன் முனையில் தக்கையும், வெட்கத்தை விட்டுக் கட்டிவிட்டேன். இறக்கினேன். செப்டம்பரில் திக்கிய ஆழத்தைத் தாண்டி, இரண்டு ஆள் ஆழம் வரை சுக்கான் சொன்னபடி கேட்டது. மஞ்சள் பட்டை மங்கி மங்கி, பிறகு பச்சையில் ஒரு நிழலாக, நின்ற இடத்தில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றது என்று நான் பார்க்கவில்லை. மச்சினன் பார்த்திருக்கிறான், ஏழு நிமிடம் என்றான். அப்புறம் ரிமோட்டை அணைத்தேன். இரண்டு வினாடி கழித்து சிரிஞ்சு தள்ள ஆரம்பித்திருக்க வேண்டும், கோபுரம் சத்தமில்லாமல் வெளியே வந்தது.

27 ஜனவரி 2024

பாதாளக் கரண்டியைப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

28 ஜனவரி 2024

மறுபடி வாங்கி வந்தேன். தக்கை இருக்கிறது, நூல் இருக்கிறது, முடிச்சு மட்டும் அவிழ்ந்துவிட்டது.